தோட்டத்து மண்ணும் நொதித் தடுப்பான்களும்



1917ஆம் ஆண்டில் மலாயாவில் ஒரு தோட்டத் தொழிலாளி நோயில் விழுந்தார். வாந்திபேதி என்று சந்தேகப்பட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் சுருண்டு விழுந்தாலும் மலேரியா, இல்லாவிட்டால் வாந்திபேதி என்று முடிவு கட்டிவிடுவது எளிது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வேலை பார்த்த ஆம்ப்ரோஸ் தாமஸ் ஸ்டான்டன் அந்த மனிதரிடமிருந்து கிருமியை எடுத்து வளர்த்தார். வளர்ந்தது வேறொரு கிருமி. ஆறு ஆண்டுகளுக்கு முன் ரங்கூன் பிணவறையில் முதன்முதலாகக் கண்ணில் பட்ட கிருமி அது.

அந்தத் தொழிலாளியைப் பற்றி மருத்துவ வரலாற்று நூல்கள் தருவது மூன்றே செய்திகள். தமிழர். ரப்பர்த் தோட்டத்தில் வேலை. வாந்திபேதி என்று தவறாக எண்ணப்பட்டவர். பெயரைச் சொல்வதில்லை. அவர் எனக்கு உறவா என்றால், இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு வழியில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் பலருடைய நிலைமையும் அதுதான்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. அழைப்பிதழைப் பார்த்த பழைய வகுப்புத் தோழர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “மண் பாக்டீரியா, நொதித் தடுப்பான்னு போட்டிருக்கியே, நம்ம சனத்துக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?” அவருக்கான பதிலாகவே இந்தப் பேச்சை அமைத்துக்கொண்டேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ரங்கூன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் அல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும், தெருவோரத்தில் நலிந்து செத்தவர்களின் உடல்களை அறுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் மார்பின் ஊசிக்கு அடிமையானவர்கள். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று எங்கு பார்த்தாலும் சீழ்க்கட்டிகள். குதிரைகளுக்கு வரும் ஒரு நோயைப் போல இருந்தது. ஆனால் கிருமி வேறு. 1912இல் 38 பேரின் விவரத்தோடு ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் இருவரும் எழுதினார்கள். மருத்துவ உலகம் பிறகு இதை ‘விட்மோர் நோய்’ என்று அழைத்தது. கிருஷ்ணசாமியின் பெயரை யாரும் எதற்கும் வைக்கவில்லை.

1913இல் கோலாலம்பூர் ஆய்வுக் கழகத்தின் விலங்குக் கூடத்தில் முயல்களும் கினிப் பன்றிகளும் வரிசையாகச் செத்தன. ஸ்டான்டனும் வில்லியம் ஃப்ளெட்சரும் அதே கிருமியை அங்கும் கண்டார்கள். 1921இல் நோய்க்கு ‘மெலியோய்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கழுதைக்கு வரும் சளிநோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். 1932இல் தாங்கள் சேர்த்த நோயாளிகளின் விவரங்களைத் தனி நூலாக வெளியிட்டார்கள். அதில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவ்வளவு உழைத்த அந்த இருவரும் ஒன்றைத் தவறவிட்டார்கள். எலிகள்தாம் நோயைப் பரப்புகின்றன என்று நம்பினார்கள். கிருமியின் வீடு மண் என்பது 1950களில் வியட்நாமில்தான் தெரிய வந்தது. 1969இல் ஸ்ட்ராஸ், குரோவ்ஸ், மாரியப்பன், எல்லிசன் ஆகிய நால்வர் தீபகற்ப மலேசியாவின் மண்ணையும் தேங்கிய நீரையும் சோதித்து வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடர்ந்த காட்டைவிட, மனிதன் வெட்டித் திருத்திய நிலத்தில்தான் இந்தக் கிருமி அதிகம் கிடைத்தது. நெல் வயலிலும் புதிதாகச் செம்பனை நட்ட நிலத்திலும் அது மிகுந்திருந்தது.

1877இல் கோலா கங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். அதற்குப் பின் இந்தப் பேரா மாநிலத்தில் காட்டை வெட்டி, கான் வெட்டி, கித்தா நட்டது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறுங்காலோடு செய்தார்கள். இருட்டு விலகும் முன் பிரட்டுக்கு நின்று, ஈரம் காயாத நிரையில் இறங்கி மரம் சீவப் போன என் தாயின் குதிகால் வெடிப்பில் ஒரு வெள்ளிக் காசைச் செருகிவிடலாம். கிருமி உள்ளே நுழைய அதைவிடச் சின்ன வாசல் போதும்.

இது தமிழர் நோய் என்று நான் சொல்ல வரவில்லை. கெடாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 16 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அங்கே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறவர்கள் மலாய்க்காரர்கள். அதே 2010இல் பகாங்கில் லுபோக் யூ என்ற நீர்வீழ்ச்சிப் பகுதியில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடப் போனவர்கள் இந்தக் கிருமியாலும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலாலும் நோயுற்றார்கள்; எட்டுப் பேர் இறந்தார்கள். உலக அளவில் ஆண்டுக்கு 1,65,000 பேரை இந்நோய் தாக்குகிறது என்றும் அவர்களில் 89,000 பேர் இறக்கிறார்கள் என்றும் 2016இல் ஒரு கணிப்பு வந்தது. கணிப்புத்தான், எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. பெரும்பாலான கிராமப்புற மருத்துவமனைகளில் இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் வசதியே கிடையாது. எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரி தெரியும். சாதாரண நிமோனியா போலவும் வரும். உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகும் எழும். அமெரிக்கப் படைவீரர்கள் விஷயத்தில் இதற்கு ‘வியட்நாம் நேரக் குண்டு’ என்று பெயர் வந்ததற்கு அதுவே காரணம்.

சரி, நொதிக்கு வருவோம். என் தோழர் பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நொதியை விளக்குவது சுலபம். காலையில் இறக்கிய இனிப்பான கள் மாலைக்குள் என்ன ஆகும் என்பது கள்ளுக்கடை இருந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் சர்க்கரையைச் சாராயமாக்குகின்றன. நொதி என்பது ஒரு வேலையைச் செய்யப் பிறந்த புரதம். ஒரு நொதிக்கு ஒரு வேலை: ஒன்று வெட்டும், இன்னொன்று ஒட்டும், வேறொன்று பிரிக்கும். வேலை முடிந்ததும் தான் கரையாமல் அடுத்த வேலைக்குத் தயாராகும். அதன் வேலை செய்யும் வாயில் ஏதேனும் ஒரு பொருள் போய் அடைத்துக்கொண்டாலோ, அதன் உடலில் ஓர் உறுப்பு திரிந்துபோனாலோ வேலை நிற்கும். அப்படி நிறுத்தும் பொருள்தான் நொதித் தடுப்பான்.

மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் இந்தத் தடுப்பான்களைச் செய்வதில் தேர்ந்தவை. காரணம் எளிது. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள், உணவோ கொஞ்சம். அடுத்தவனின் நொதியை முடக்கினால் அவன் பங்கும் தனக்கு. 1911இல் கண்ட அந்தக் கிருமியும் அப்படி ஓர் ஆயுதம் வைத்திருக்கிறது. அது என்ன என்று தெரிய நூறு ஆண்டு ஆயிற்று.

இன்று அந்தக் கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. 2004இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. பெயர் தெரியாத, வேலை தெரியாத புரதங்கள் நூற்றுக்கணக்கில் பட்டியலில் கிடந்தன. அவற்றில் பிபிஎஸ்எல்1549 என்ற எண் கொண்ட ஒன்றை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தாரும், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ரஹ்மா முகமது, ஷீலா நாதன் ஆகியோரும், மலேசிய மரபணுத்தொகுதிக் கழகத்தாரும், வேறு சில நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டபோது, குடல் பாக்டீரியா ஒன்றின் நச்சுப் புரதத்தின் சாயல் அதில் தெரிந்தது. எலிக்குச் செலுத்தினார்கள். எலி செத்தது. 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. புரதத்துக்கு பர்க்ஹோல்டேரியா கொல்காரணி 1 என்று பொருள்படும் பெயரிட்டார்கள்.

அது கொல்லும் விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். வேதியியலில் இத்தனை சின்ன மாற்றம் இத்தனை பெரிய அழிவைச் செய்வதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

நம் உடலின் ஒவ்வொரு செல்லும் ஓயாமல் புரதம் தயாரிக்கிறது. டிஎன்ஏ-வில் இருக்கும் குறிப்பை ஆர்என்ஏ என்ற இழை படியெடுத்துக்கொண்டு வரும். அந்த இழை நேராக வராது. தனக்குள்ளேயே முறுக்கிச் சிக்கிக்கொண்டு வரும். பூ கட்டுகிறவர்களைப் பாருங்கள், வாழை நாரில் சிக்கு விழுந்தால் கை நின்றுவிடும், சிக்கை எடுத்த பிறகுதான் அடுத்த பூ. செல்லுக்குள் அந்தச் சிக்கை எடுக்கும் நொதிக்கு இஐஎஃப்4ஏ என்று பெயர். அது 400 சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 339ஆவது இடத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கொல்காரணி வந்து அந்த ஒரே இடத்தைத் தொடுகிறது. குளுட்டமின், குளுட்டாமிக் அமிலமாகிறது. நைட்ரஜன் இருந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன், அவ்வளவே. அதன்பின் இஐஎஃப்4ஏ சிக்கெடுக்காது. புரத உற்பத்தி நிற்கிறது, செல் சாகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வாயை அடைத்துக்கொண்டு உட்காரும் தடுப்பானாக இருந்தால், ஒரு நொதிக்கு ஒரு தடுப்பான் வீதம் செலவாகும். இந்தக் கொல்காரணி தானே ஒரு நொதி. ஒன்றை முடக்கிவிட்டு அடுத்ததிடம் போகும். ஆகவே கொஞ்சம் இருந்தாலே போதும்.

மனிதனுக்கும் மண்ணில் கிடக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன பகை? ஒன்றுமில்லை. மண்ணில் பாக்டீரியாக்களை மேய்ந்து திரியும் அமீபாக்களிடமிருந்து தப்பிக்கவே இப்படிப்பட்ட ஆயுதங்கள் தோன்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அமீபாவிலும் அதே சிக்கெடுக்கும் நொதிதான், நம்மிலும் அதுவேதான். யானைக்கு வெட்டிய குழியில் வழிப்போக்கன் விழுந்த மாதிரி, 1917இல் அந்தத் தமிழர் விழுந்தார்.

அதே நொதியை அணைக்கத் தெரிந்தால் புற்றுநோயையும் அணைக்கலாமே என்று சிலர் முயன்று வருகிறார்கள். புற்றுநோய்ச் செல் பேராசைக்காரன். அதற்குப் புரதம் அளவுக்கு மீறித் தேவை. போர்னியோக் காட்டில் வளரும் அக்லாயா இன மரங்களிலும் இதே நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. இரண்டும் இன்னும் மருந்தாகிக் கடைக்கு வரவில்லை. வரும்போது பேசலாம்.

ஆனால் மண் ஏற்கெனவே தந்த மருந்துகளைப் பற்றிப் பேசலாம். இந்தக் கிருமியிடம் பென்சிலினை வெட்டிப்போடும் ஒரு நொதி இருக்கிறது. பீட்டா லாக்டமேஸ் என்பார்கள். அதனால்தான் சாதாரண ஊசிகளுக்கு இந்த நோய் மசிவதில்லை. 1970களில் இங்கிலாந்தின் பீச்சம் நிறுவனத்தார் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து கிளாவுலானிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது தானாகப் போய் அந்தக் கத்தரியின் வாயில் சிக்கிக்கொண்டு, மறுபடி திறக்க விடாது. தன் உயிரைக் கொடுத்துத் தடுக்கும் தடுப்பான். அமாக்ஸிசிலினோடு சேர்த்து 1981இல் ஆக்மென்டின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இங்கே கிளினிக்கில் பல்வலிக்கும் காதுவலிக்கும் நீங்கள் விழுங்கியிருப்பீர்கள். மெலியோய்டோசிஸில், மற்ற மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது இரண்டாவது கை.

முதல் கை செஃப்டாசிடிம், நோய் முற்றினால் மெரோபெனெம். 1989இல் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த சோதனையில் பழைய மருந்துகள் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் இறந்தார்கள். செஃப்டாசிடிம் பெற்றவர்களில் அது 37 ஆகக் குறைந்தது. பாதிக்குப் பாதி. மெரோபெனெத்தின் முன்னோடியான தியனமைசினைத் தந்ததும் ஒரு மண் பாக்டீரியாதான், ஸ்ட்ரெப்டோமைசிஸ் காட்லியா. பாக்டீரியாவின் சுவரைத் தைக்கும் நொதியைத் தடுப்பது இவற்றின் வேலை. ஆக மண்ணில் பிறந்த தடுப்பானால் வரும் சாவை, மண்ணில் பிறந்த வேறொரு தடுப்பானைக் கொண்டு மருத்துவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி மருந்து குறைந்தது இரண்டு வாரம், பிறகு மாத்திரை மூன்று மாதமோ அதற்கு மேலோ. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த தரையில் முதல் மழை விழுந்ததும் எழும் வாசனை ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அதைச் செய்வதும் இந்தக் குடும்பம்தான். ‘மண்வாசனை எழுத்து’ என்று நம் இலக்கியக் கூட்டங்களில் பாராட்டுகிறோமே, அந்த வாசனைக்கு உண்மையான ஆசிரியர் ஒரு பாக்டீரியா. மலேசிய மண்ணிலிருந்து எடுத்த ஓர் இனத்துக்கு 1999இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மலேசியென்சிஸ் என்றே பெயர் சூட்டினார்கள். இதே துறையில் தோக்கியோவில் ஹமாவோ உமெசாவா என்பவர் 1960களின் பிற்பகுதியிலிருந்து, கிருமியைக் கொல்லும் பொருள்களை மட்டும் தேடாமல், நொதியைத் தடுக்கும் பொருள்களை மண் பாக்டீரியாக்களில் தனியாகத் தேடினார். லியுபெப்டின், பெப்ஸ்டாடின், பெஸ்டாடின் என்று வரிசையாகக் கண்டெடுத்தார். நொதித் தடுப்பான்களுக்கென்று தனித் தேடல் உண்டானதற்கு அவரே முக்கியக் காரணம் என்பது என் மதிப்பீடு.

இனி என் தோழரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம் வீட்டில் சொல்வது போலச் சொன்னால், மூன்று பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர். மெலியோய்டோசிஸ் வருகிறவர்களில் சரிபாதி அல்லது அதற்கும் மேற்பட்டோர் நீரிழிவுக்காரர்கள் என்பது நாட்டுக்கு நாடு உறுதிப்பட்ட செய்தி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் வெள்ளணுக்கள் இந்தக் கிருமியை விரட்டத் திணறுகின்றன. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் புண் இருப்பதே தெரிவதில்லை. தோட்டத்தை விட்டு நாம் வந்துவிட்டோம். இனிப்பு நீர் கூடவே வந்துவிட்டது. மண்ணையும் முழுதாக விட்டுவிடவில்லை: வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கருவேப்பிலையும், பழைய ஈயக்குட்டை ஓரத்தில் காய்கறித் தோட்டம், வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் சேறு.

அந்த இனிப்பு நீருக்கும் மண் ஒரு மாத்திரை தந்திருக்கிறது. அகார்போஸ். கென்யாவிலிருந்து எடுத்த மண்ணில் இருந்த ஆக்டினோபிளேன்ஸ் என்ற பாக்டீரியா செய்யும் தடுப்பான். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாம் தின்னும் சோற்றையும் தோசையையும் குடலில் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை இது மந்தப்படுத்தும். சாப்பிட்டதும் இரத்தச் சர்க்கரை விர்ரென்று ஏறாது. உடையாமல் மிஞ்சிய மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும். அதனால் வயிறு உப்பும், சபையில் உட்கார முடியாமல் சங்கடப்படுத்தும். நல்ல மருந்தாக இருந்தும் பலர் கைவிடுவதற்கு அதுவே காரணம். மருத்துவர் எழுதித் தந்தால் தவிர, கேள்விப்பட்டோம் என்று வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

நான் கேட்டுக்கொள்வது மூன்று. புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவர் தோட்டத்தைக் கொத்தப் போனால், காலில் ரப்பர் பூட்ஸும் கையில் உறையும் போட்டு அனுப்புங்கள். மழைக்குப் பின் காலில் புண்ணோடு சேற்றில் இறங்க விடாதீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாளில் இறங்காவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், “இவருக்கு நீரிழிவு இருக்கிறது, மண் வேலை செய்கிறவர், மெலியோய்டோசிஸ் இருக்குமா என்று இரத்தத்தை வளர்த்துப் பாருங்கள்” என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை மறந்துவிடாமல் இருக்க, வெளியே மேசையில் மலாயிலும் தமிழிலும் சிறு அட்டையில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.